முளையிலே தெரியுமா?

சனிக்கிழமை விடியப்புறம் ஐந்தரை மணிக்கு ஸ்காபரோவிலுள்ள ஓர் ஐஸ் அரங்கின் வாங்கில் குந்தியிருப்பவர்களுள் என்னைப்போல ஹொக்கி தெரியாதவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். ஊரில் எனக்குத் தெரிந்த ஐஸ், ஐஸ்பழக்காரனின் பெட்டிக்குள் இருந்ததுதான். அக்கா இரவுவேலை முடித்து வருகிற நேரம் அது என்பதால் மருமகனைக் கூட்டிப்போகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஏழு குளிர்காலங்களாகக் கூட்டிப்போகிறேன். முதல் இரண்டு வருடமும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடத்திலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.

போன வசந்தத்தில், அவன் ஆடிக்கொண்டிருந்த கழகத்தின் மேல்நிலை அணியிலிருந்து அவனை நிறுத்திவிட்டார்கள். வயது பதின்மூன்று. காரணம் கேட்டபோது பயிற்றுநர் மரியாதையாகத்தான் சொன்னார்: கெட்டிக்காரன், ஆனால் உடம்பு காணாது. மருமகன் நவம்பர் கடைசியில் பிறந்தவன். அவனுடைய இடத்தைப் பிடித்த பெடியன் அதே ஆண்டு ஜனவரியில் பிறந்தவன்; என்னைவிட உயரம், மீசையும் அரும்பிவிட்டது. திரும்பி வரும்போது காரின் பின்சீற்றிலிருந்து மருமகன் கேட்டான்: "மாமா, நான் வளந்தாப்பிறகு திரும்பக் கூப்பிடுவினமோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடிப்போனதன் விளைவே இந்தக் கட்டுரை.

*

விமர்சனம் என்று நாம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் முடிந்துபோன படைப்பைப் பற்றியது. நாவல் அச்சாகிக் கையில் இருக்கிறது. கவிஞன் எழுதியதை எழுதிவிட்டான். நாம் சொல்வது பிழைத்தால் இன்னொருவர் அடுத்த இதழில் மறுப்பு எழுதுவார். இன்னும் எழுதப்படாத நாவலுக்கு, எழுதப்போகிறவனின் பதினேழாவது வயதில், அவன் பள்ளிக்கூடக் கட்டுரைகளை மட்டும் வைத்து விமர்சனம் எழுதச் சொன்னால் எங்களில் எத்தனைபேர் துணிவோம்?

வட அமெரிக்காவில் அந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே அவர்களை ஸ்கௌற் என்கிறார்கள். எங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் காக்கி உடுப்பும் கழுத்துப்பட்டியுமே நினைவில் வரும் என்பதால், ஆள்பார்ப்பவர் என்றே சொல்லிவிடுகிறேன். என்.எச்.எல். என்கிற தேசிய ஹொக்கி லீக்கின் ஒவ்வோர் அணியும் இத்தகையவர்களை வைத்திருக்கிறது. சஸ்கற்சுவானின் சிறுபட்டணங்களிலும் சுவீடனிலும் பின்லாந்திலும் குளிர்ந்த அரங்குகளின் மேல்வாங்குகளில் இருந்து, கொப்பியில் குறிப்பெழுதி, அடுத்த ஊருக்குக் காரோட்டுவது அவர்கள் தொழில். அந்த வருடம் செப்ரெம்பர் 15க்குள் பதினெட்டு வயதை அடைகிற பிள்ளைகளில் யார் நாளை தொழில்முறை வீரனாவான் என்று வரிசைப்படுத்த வேண்டும். பிறகு கோடையில் ஒருநாள் அணிகள் முறைவைத்துப் பெயர்களைக் கூப்பிடும். இந்தத் தேர்வு 1963இல் மொன்றியல் ஹோட்டல் ஒன்றில், ஆறு அணிகளும் 21 பெயர்களுமாகச் சத்தமில்லாமல் தொடங்கியது. இன்று 32 அணிகள், ஏழு சுற்றுகள், ஏறக்குறைய 224 பெயர்கள். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட பிள்ளைகள் தாய்தகப்பனோடு மண்டபத்தில் காத்திருக்க, தொலைக்காட்சி அவர்களுடைய முகத்தைக் கிட்டக் காட்டுகிறது.

இந்தத் தீர்ப்புகளுக்குள்ள ஒரு நல்ல குணம், அவை எழுதிவைக்கப்பட்டுத் திகதியும் இடப்பட்டவை என்பது. இன்ன ஆண்டில், இன்னாருக்கு முன்னால் இன்னாரைத் தேர்ந்தோம் என்பதை எவரும் பிறகு மாற்றிச் சொல்ல முடியாது. எங்கள் இலக்கிய மதிப்பீடுகளுக்கு இல்லாத வசதி இது. ஆகவே அவற்றைத் திரும்பப் படித்துப் பார்ப்பது பயனுள்ளது.

*

1975 பெப்ரவரியில் மொன்றியலில் பிறந்தவர் அலெக்சாந்தர் டேக். அதே ஆண்டு யூனில், அந்நகருக்கு ஆற்றுக்கு அப்பாலுள்ள லாவலில் பிறந்தவர் மார்ட்டின் சென் லூயி. ஒரே ஆண்டு, ஒரே பிரெஞ்சுப் பேச்சு, ஒரே குளிர். இடைவெளி நாலு மாதம்.

பதினெட்டு வயதுக்குள் டேக், கியூபெக் இளையோர் லீக்கில் 53 ஆட்டங்களில் 137 புள்ளிகள் எடுத்திருந்தார். ஹொக்கியில் கோல் போட்டாலும் புள்ளி, போட உதவினாலும் புள்ளி. வேகம், அழகு, கமராவுக்குப் பிடித்த சிரிப்பு எல்லாம் இருந்தன. 1993இல் ஒட்டாவா அணி அவரை முதலாவதாகத் தேர்ந்தது. ஓர் ஆட்டமும் ஆடாத இளைஞனுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு கோடியே இருபத்திரண்டரை லட்சம் டொலர் ஒப்பந்தம். இரண்டாவதாக வந்தவனை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை என்று அன்று அவர் சொன்னது இன்றுவரை பகிடியாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஏனென்றால் அன்று இரண்டாவதாக வந்தவர் கிறிஸ் புரோங்கர். 2000ஆம் ஆண்டில் லீக்கின் அதிசிறந்த வீரர் விருதையும் சிறந்த பின்கள வீரர் விருதையும் ஒன்றாக வாங்கியவர்.

சென் லூயியின் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். அவருடைய பெயரை எந்தச் சுற்றிலும், எந்த ஆண்டிலும், எவரும் கூப்பிடவில்லை. அமெரிக்காவின் வேர்மொன்ற் பல்கலைக்கழகத்தில் ஆடினார். பிறகு சிறிய லீக்குகளில் ஆடினார். கல்கரி அணி ஒரு வாய்ப்புக் கொடுத்து 2000இல் விட்டுவிட்டது. பிறகு ரம்பா அணிக்குப் போனார். 2004இல் லீக்கிலேயே அதிக புள்ளிகள் எடுத்தவர் அவர். அதிசிறந்த வீரர் விருதும், ஸ்ரான்லி கிண்ணமும் அந்த ஆண்டே வந்தன. 2013இல், முப்பத்தேழு வயதில், மறுபடியும் புள்ளிகளில் முதலிடம். டேக் என்.எச்.எல். லில் ஆடியது 616 ஆட்டங்கள், 327 புள்ளிகள். சென் லூயி ஆடியது 1,134 ஆட்டங்கள், 1,033 புள்ளிகள்.

இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் வைத்து ஆள்பார்ப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் சிரிப்பு விமர்சனம் ஆகாது. டேக்கிடம் அவர்கள் கண்டதெல்லாம் உண்மை. வேகம் உண்மை, 137 புள்ளிகள் உண்மை. பிழை எங்கே நேர்ந்தது என்றால், பதினெட்டு வயதில் ஒருவன் எவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்பதை, இனி எவ்வளவு தூரம் போவான் என்பதற்கான சாட்சியாக எடுத்துக்கொண்டதில். முந்தி வந்தவனும் தூரம் போகிறவனும் சிலவேளை ஒரே ஆளாக இருப்பார்கள். சிலவேளை இல்லை. ஊரில் பிஞ்சிலே பழுத்ததென்று ஒரு சொல் இருக்கிறதே, அது புகழ்ச்சி அல்ல.

*

நியாயமாகப் பார்த்தால், மறுபக்கமும் உண்டு. 2005இல் சிட்னி குரொஸ்பியையும் 2015இல் கொனர் மக்டேவிட்டையும் முதலாவதாகத் தேர்ந்தார்கள். இரண்டும் சரி, அதைச் சொல்ல ஒரு நிபுணரும் தேவைப்பட்டிருக்கவில்லை. வரிசையின் உச்சியில் கூப்பிடப்படுகிறவர்கள், மொத்தத்தில், அடியில் கூப்பிடப்படுகிறவர்களைவிட நெடுநாள் ஆடுகிறார்கள் என்பதும் உண்மைதான். ஆள்பார்ப்பவர்கள் குருடர்கள் அல்ல. எவருக்கும் தெரிகிற ஓரிருவருக்குப் பிறகு, ஒருவரையொருவர் ஒத்த ஐம்பது பிள்ளைகளை வரிசைப்படுத்த வேண்டிய இடத்தில்தான் அவர்களுடைய தொழில் தொடங்குகிறது. சறுக்குவதும் அங்கேதான்.

2003ஆம் ஆண்டுத் தேர்வைப் பாருங்கள். திறமைசாலிகள் நிரம்பிய ஆண்டு அது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பற்றிஸ் பேர்ஜெரோனின் பெயர் 45ஆவதாகக் கூப்பிடப்பட்டது. அவரைத் தேர்ந்த பொஸ்ரன் அணியே அவருக்கு முன்னால் வேறொருவரைத் தேர்ந்திருந்தது. அது யூன் மாதம். அதே இலையுதிர்காலத்தில், பதினெட்டு வயதில், அவர் என்.எச்.எல். லில் ஆடத் தொடங்கிவிட்டார். பிறகு, தற்காப்பிலும் சிறந்த முன்கள வீரருக்கான செல்கி விருதை ஆறுமுறை வாங்கினார். ஐந்து வருடத்துக்குப் பிந்தியதைக் கணிப்பது கடினம் என்று சொல்லலாம். இங்கே நாலு மாதத்துக்குப் பிந்தியதே மறைந்திருந்தது.

கணிப்பைக் கெடுக்கிற இன்னொன்று, ஆட்டமே மாறுவது. 2004-05 பருவம் முழுவதும் தொழில் தகராறில் இல்லாமற்போனது. திரும்பத் தொடங்கியபோது, தடியால் கொழுவி இழுப்பதையும் கட்டிப்பிடிப்பதையும் நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கினார்கள். அதுவரை குட்டையானவர்களை மறித்துவைத்திருந்த கைகள் விலகின. அதற்கு முந்திய ஆண்டுகளில் 'உடம்பு காணாது' என்று எழுதப்பட்ட குறிப்புகள் பல, ஒழிந்துபோன ஓர் ஆட்டத்துக்கான குறிப்புகள். பிள்ளையைக் கணிக்கிறவன், அந்தப் பிள்ளை ஆடப்போகிற நாளைய ஆட்டத்தையும் சேர்த்தே கணிக்கிறான். அதை அவன் உணர்ந்திருப்பது அபூர்வம்.

*

இனி மருமகனின் நவம்பருக்கு வருகிறேன்.

1980களின் தொடக்கத்தில், அல்பேட்டா மாகாணத்தின் லெத்பிரிட்ஜ் நகரில், உளவியலாளர் றொஜர் பார்ன்ஸ்லியும் மனைவி போலாவும் ஓர் இளையோர் ஆட்டம் பார்க்கப் போயிருந்தார்கள். அரங்கில் கொடுத்த நிகழ்ச்சிக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த போலாதான் கவனித்தார்: வீரர்களுடைய பிறந்த திகதிகளில் ஜனவரியும் பெப்ரவரியும் மார்ச்சும் திரும்பத் திரும்ப வந்தன. நிபுணர்கள் பனித்தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் கையேட்டைப் படித்தார். 1985இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. காரணம் மிகச் சாதாரணம். சிறுவர் ஹொக்கியில் வயதைப் பிரிக்கிற கத்தி ஜனவரி 1இல் விழுகிறது. ஜனவரிப் பிள்ளையும் டிசெம்பர்ப் பிள்ளையும் ஒரே அணிக்குப் போட்டியிடுவார்கள். ஆறு வயதில் பதினொரு மாதம் என்பது வாழ்நாளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. பெரிய பிள்ளையைக் கெட்டிக்காரன் என்று தெரிந்தெடுப்பார்கள். தெரிந்தெடுத்ததனால் அவனுக்கு நல்ல பயிற்றுநர், கூடுதல் ஐஸ் நேரம், நல்ல எதிரணிகள். நாலு வருடத்தில் அவன் உண்மையிலேயே கெட்டிக்காரன் ஆகிவிடுவான். கணிப்புச் சரியென்று நிரூபணமாகிவிடும்.

என்னை அதிகம் உலுக்கியது 2013இல் றொபேட் டீனரும் இருவரும் வெளியிட்ட ஆய்வு. 1980 தொடக்கம் 2006 வரையான என்.எச்.எல். தேர்வுகளை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், பிற்பாதியில் பிறந்தவர்கள், தம் பிற்கால ஆட்டத்துக்குத் தகுந்த இடத்தைவிட நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் பின்தள்ளித் தேர்வுசெய்யப்பட்டிருந்தார்கள். 400 ஆட்டங்கள் அல்லது 200 புள்ளிகள் என்கிற எல்லையை எட்டுவதற்கு அவர்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு வாய்ப்பு இருந்தது. இருபத்தேழு ஆண்டுகளிலும் இந்தச் சாய்வு குறையவில்லை. சிறு பயிற்றுநர் ஆறு வயதில் ஏமாறுவதை விளங்கிக்கொள்ளலாம். இவர்களோ சம்பளம் வாங்குகிற கண்கள். பார்ப்பது பதினெட்டு வயதை. பிறந்த திகதி ஒவ்வொரு பட்டியலிலும் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. இருந்தும் தெரியவில்லை.

இதற்குப் பெயர் சதி அல்ல. எவரும் டிசெம்பர்ப் பிள்ளைகளை வெறுப்பதில்லை. கண் தன் முன்னால் நிற்கிற உடம்பைத்தான் பார்க்கும். அது வந்த வழியின் நீளத்தைப் பார்க்காது. பின்தங்கித் தொடங்கி இவ்வளவு தூரம் வந்தவனும், முன்னால் தொடங்கி அதே இடத்தில் நிற்கிறவனும் அந்த ஒரு நாளில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

*

அப்படியானால் நல்ல கணிப்பு என்று ஒன்று இல்லையா? இருக்கிறது. ஆனால் அதன் சுபாவம் வேறு.

டெற்றோயிற் அணிக்கு ஐரோப்பாவில் ஆள்பார்த்தவர் ஹொக்கான் அன்டர்சன் என்ற சுவீடன்காரர். ரஷ்யாவுக்கு டிமித்ரி காலினின் என்கிற இளைஞனைப் பார்க்கப்போன இடத்தில், எதிரணியில் ஆடிய, எவரும் பார்க்க வராத, சிறிய உடம்புக்காரன் ஒருவன் அவர் கண்ணில் பட்டான். பெயர் பாவெல் தத்சியூக். முந்திய தேர்வுகளில் அவனை எல்லா அணிகளும் தாண்டிப் போயிருந்தன. 1998இல் டெற்றோயிற் அவனை 171ஆவதாகத் தேர்ந்தது. இரண்டு ஸ்ரான்லி கிண்ணங்களும் மூன்று செல்கி விருதுகளும் பெற்று, 2024இல் ஹொக்கிப் புகழ்மண்டபத்துக்குள் போனார் அந்தத் தத்சியூக்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக அன்டர்சனின் கழுகுக்கண்ணில் முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அதே நாளில் டெற்றோயிற் அணியே தத்சியூக்குக்கு முன்னால் வேறு பிள்ளைகள் பலரைத் தெரிந்தெடுத்திருந்தது. கண்டவர்களுக்கே முழு நம்பிக்கை இல்லை. அவர்கள் செய்த நல்ல காரியம், சந்தேகத்தோடேனும் ஓர் இடத்தை ஒதுக்கியதும், பிறகு அவசரப்படாததும். தத்சியூக் மேலும் மூன்று பருவங்கள் ரஷ்யாவிலேயே ஆடி, 2001இல்தான் வந்தார். முளையைக் கண்டதைவிட, முளைக்கவிட்டதே பெரிய காரியம்.

இதற்கு எதிர்த்திசையில் இருப்பது அளவுநாடாவை நம்புகிற கணிப்பு. தேர்வுக்கு முன் முன்னணிப் பிள்ளைகளை ஓரிடத்துக்கு அழைத்துச் சைக்கிள் மிதிக்கவிட்டு மூச்சை அளப்பார்கள். பாரில் தொங்கி உடம்பை மேலே இழுக்கச் சொல்வார்கள். 2014இல் சாம் பெனற் என்கிற பெடியனால் ஒருமுறைகூட இழுக்க முடியவில்லை. பத்திரிகைகளுக்குப் பல நாள் அதுவே கதை. கல்கரி அணி அதைப் பொருட்படுத்தாமல் நாலாவதாகத் தேர்ந்தது. அங்கே அவர் எதிர்பார்த்தபடி எழும்பவில்லை. அப்போது அந்தப் பழைய பகிடியும் கூடவே எழும்பியது. 2021இல் புளோரிடாவுக்கு மாற்றினார்கள். 2025இல் ஸ்ரான்லி கிண்ண ஆட்டங்களின் அதிசிறந்த வீரருக்கான கொன் ஸ்மைத் விருது அவருக்குத்தான். பார் பொய் சொல்லவில்லை. அவர் கைகளில் அன்று பலம் இல்லைத்தான். பாரிடம் கேட்ட கேள்விதான் பிழை.

ஏழு வருடம் வாங்கில் இருந்ததில், எனக்கும் ஒன்றிரண்டு பிடிபட்டிருக்கிறது. கோலை எண்ணுவதைவிட, பக் என்கிற அந்தக் கறுத்த இறப்பர் வட்டு தன்னிடம் இல்லாதபோது ஒரு பிள்ளை எங்கே போகிறான் என்று பார்ப்பது கூடுதலாகச் சொல்லும். பக் வந்து சேர முன்னர் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறானா என்பது இன்னும் கூடுதலாகச் சொல்லும். ஒரு நாளைப் பார்ப்பதைவிட ஒரு வருட இடைவெளியில் இரண்டு நாளைப் பார்ப்பது நல்லது. இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம்தான் அந்தப் பிள்ளை. இவற்றை ஆள்பார்ப்பவர்களும் அறிவார்கள். ஆனால் வரிசைப்பட்டியல் என்று ஒன்று வந்ததும் எல்லாரும் எல்லாருடைய பட்டியலையும் பார்த்து எழுதத் தொடங்குகிறார்கள். தனியாகப் பிழைவிடுவதைவிடக் கூட்டத்தோடு பிழைவிடுவது உத்தியோகத்துக்குப் பாதுகாப்பு. இலக்கிய உலகில் இருக்கிற எங்களுக்கு இது புதினமான சங்கதி அல்ல.

*

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று எங்களிடம் ஒரு பழமொழி உண்டு. பழமொழிகளில் மிக இரக்கமற்றவற்றுள் இதுவும் ஒன்று என்று இப்போது எனக்குப் படுகிறது. விளைந்த பிறகு திரும்பிப் பார்க்கிறவன்தான் அதைச் சொல்லமுடியும். முளையில் நின்று சொல்கிறவன் தண்ணீர் எந்தப் பாத்திக்கு என்று தீர்மானிக்கிறான். பத்து வயதுப் பிள்ளையின் புலமைப்பரிசில் சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, இது படிக்கும், இது படிக்காது என்று ஒழுங்கைக்குள் நின்று தீர்ப்புச் சொன்ன ஊர் எங்களுடையது. அந்தப் பழக்கத்தைப் பெட்டிக்குள் மடித்துக் கொண்டுவந்து, இங்கே பியானோவுக்கும் கணக்கு வகுப்புக்கும், இப்போது சிலர் ஹொக்கிக்கும் பிரயோகிக்கிறோம். அந்தப் பயிற்றுநர்மேல் எனக்கிருந்த கோபம் ஆறியதற்கு ஒரு காரணம், அதே வசனத்தை நானே வேறு பிள்ளைகளைப் பற்றி வேறு வாங்குகளில் இருந்து சொல்லியிருக்கிறேன் என்பது.

தேர்வு செய்யாமல் இருக்க முடியாது. அணிக்கு இருபது பேர்தான். ஐஸுக்கு மணிக்கணக்கில் காசு. தீர்ப்புச் சொல்லுங்கள். ஆனால் அதில் திகதி இடுங்கள், பிள்ளையின் பிறந்த மாதத்தையும் பக்கத்தில் எழுதுங்கள், அடுத்த வருடம் அதைத் திறந்து படியுங்கள், கதவைச் சாத்தினாலும் பூட்டாதீர்கள். மதிப்பீடு செய்கிற எவரிடமும், அது ஹொக்கியானாலும் கவிதையானாலும், இதற்கு மேல் கேட்பதற்கில்லை. இதற்குக் குறைவாகக் கேட்பதும் சரியல்ல.

மருமகன் இப்போது ஒருபடி கீழுள்ள அணியில் ஆடுகிறான். அங்கே பக் அவனிடம் அதிகம் வருகிறது. நிறுத்திவைத்து யோசிக்க அவனுக்கு நேரம் கிடைக்கிறது. போன கிழமை, அடிக்கக்கூடிய இடத்தில் அடிக்காமல், பார்க்காமலே பின்னால் ஒருவனுக்குத் தட்டிவிட்டான். அவன் கோல் போட்டான். மருமகனுக்கு ஒரு புள்ளி. அவன் என்.எச்.எல். லுக்குப் போவானா என்று என்னைக் கேட்டால், மிகப் பெரும்பாலும் மாட்டான் என்பேன்; அது எந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டாலும் பொருந்துகிற பதில்.

காரில் அவன் கேட்ட கேள்விக்கு அன்று நான் சொன்னது, "தெரியாதடா அப்பன், நீ விளையாடு" என்று மட்டுந்தான். அன்று அது கையாலாகாத பதிலாகப் பட்டது. இவ்வளவையும் தேடிப் படித்த பிறகும், அதைவிடச் சரியான ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.